மாமி நிரப்பித் தந்த பேணி

1

இன்றைக்கு நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருசம். அதற்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கொளுத்தியது கோவிலில் அல்ல, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், சம்பளத்துக்கு. திரியை ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தி, பக்கத்தில் தட்டுகளை அடுக்கி, மூடியை இறுக்கினேன். உள்ளே காற்றுக் குறையக் குறையச் சுடர் சுருங்கி, தானாகவே அணைந்தது. பழக்கதோசத்தில் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"இது கோவில் இல்லை," என்றாள் மார்ஜரி. ஆய்வுகூடத்தில் எனக்கு மேலே இருப்பவள் அவள். ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லுவாள்.

"திரியைக் கண்டால் கைக்கு அது தெரியாது, மிஸ்ஸிஸ்," என்று நானும் ஒவ்வொரு நாளும் சொல்லுவேன்.

தம்பி இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்கிறான் என்று, அண்ணன், நீ எங்கள் கல்லடி முழுக்கச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. திருத்த வேண்டாம், நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் நடப்பு வேறு. நான் வேலை செய்யும் அறைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரே குசினி. காத்தான்குடியில் நோன்புக்குக் காய்ச்சுவார்களே கடற்பாசி, அதே கடற்பாசியைத்தான் நானும் காய்ச்சுகிறேன். அங்கே சீனியும் பாலும் போடுவார்கள். இங்கே குதிரை இரத்தம். தட்டுகளில் ஊற்றி ஆறவைத்தால் சிவப்பாக, பார்க்க ஆசையாக இருக்கும். அதன் மேலேதான் வயிற்றால் போகிறவர்களின் சமாச்சாரத்தைப் பூசி, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

குசினி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, என் வேலை அனுமதியில் 'சமையல் உதவியாள்' என்று அடித்துவிட்டார்கள். திருத்தப் போனேன். ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அந்தக் கந்தோரில் இருந்தவர் என்னிடம் கறிக்கு எவ்வளவு மஞ்சள் போட வேண்டும் என்று கேட்டார். சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது இவர்கள் தேடும் கிருமிக்குப் பெயர் கம்பைலோபக்டர். கொஞ்சம் வளைந்தது, தூண்டில் முள் மாதிரி. நுணுக்குக்காட்டிக்குள் ஒருநாள் மார்ஜரி எனக்குக் காட்டினாள். வாவி ஓரத்தில் இறால் குஞ்சு சுண்டிச் சுண்டி ஓடுமே, அப்படி ஓடியது. இத்தனை காலமும் இது மனிதரின் வயிற்றுக்குள் இருந்துகொண்டே யாருக்கும் பிடிபடாமல் திரிந்திருக்கிறது. காரணம், இதற்கு நிறையக் காற்றுப் பிடிக்காது. எங்கள் உடம்புச் சூடும் போதாது, கோழியின் உடம்புச் சூடு வேண்டும். அதனால்தான் சாடியும் திரியும். இந்த வித்தையை அறிந்த பிறகு தேடுகிற இடமெல்லாம் அகப்படுகிறதாம். எங்கிருந்து ஆட்களுக்கு வருகிறது என்பதுதான் எங்கள் டொக்டருக்குத் தலையிடி. பாலா, தண்ணீரா, நாய்க்குட்டியா, கோழியா என்று யாரைக் கண்டாலும் கேட்பார். என்னிடமும் ஒருநாள் கேட்டார். நான் நாய்க்குட்டி என்றேன். எனக்கு நாயைப் பிடிக்காது.

2

மாமி என்று நான் சொல்வது உறவால் அல்ல, ஆசையால்.

அவர்கள் நாவற்குடா ஆட்கள். கல்லடியிலிருந்து சைக்கிளில் போனால் வியர்க்காத தூரம். ஆனால் கத்தோலிக்க வீட்டுக்கும் மெதடிஸ்த வீட்டுக்கும் இடையில் உள்ள தூரம் சைக்கிளுக்குத் தெரியாது. ஊரில் ஒருவரையொருவர் நாங்கள் கண்டதே இல்லை. இங்கே பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீங்க எவடம்?" என்று கேட்டதில் தொடங்கியது. கேட்டவள் ரஞ்சி. மாமியின் மகள். என் ஆஸ்பத்திரியில்தான் நேர்ஸ்.

ரஞ்சிக்குக் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். உருளைக்கிழங்கை முள்ளால் குத்தித் தின்னவும் பழகிவிட்டாள். ஆனால் கலியாண விசயத்தில் மட்டும் அசல் நாவற்குடா.

"அம்மாட வாயால வரட்டும். மறுகா பாப்பம்," என்று சொல்லிவிட்டாள்.

"வராட்டி?"

"வராட்டி நீங்க கடற்பாசி காய்ச்சுங்க."

மாமியின் வாயால் வருவதற்கு ஒரு தடை இருந்தது. தடையின் பெயர் தேவா. கணக்காளர் படிப்பு, மெதடிஸ்து, கழுத்துப்பட்டி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். முடிவு வாயால் வராவிட்டாலும் சோற்றுக் கோப்பையில் வரும் என்று எனக்குத் தெரியும்.

விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் மறந்துபோன ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அக்காவைப் பெண் பார்க்கப் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு பொடியன் வந்தான். அம்மா கோழி அடித்தா. அம்மா அந்தப் பொடியனைப் பற்றி நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. சோற்றின் மேல் ஈரலை எடுத்து அவன் கோப்பையில் வைத்தா. அடுப்படியில் அக்கா அழத் தொடங்கினாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. கோழி ஒன்றுக்கு ஈரல் ஒன்று. அது யாருக்குப் போகிறதோ அவர்தான் ஆள்.

இங்கே நிலைமை வேறு. கடையில் ஈரலை மட்டும் தனியாகப் பொதி கட்டி, உறைய வைத்து விற்கிறார்கள். ஒரு பொதிக்குள் ஒரு ஊருக்கே மருமகன் எடுக்கலாம். மாமி அதிலும் மனம் இளகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் பொதியை மட்டும் மிளகும் உள்ளியும் போட்டுப் பிரட்டினா. ஈரலைக் கனக்க வேகவிட்டால் செருப்பு மாதிரி ஆகிவிடும் என்று, நெருப்பில் காட்டிச் சுறுக்காக இறக்கிவிடுவா. உள்ளே பஞ்சு போல, ரோசாப்பூ நிறத்தில் இருக்கும். மீதிப் பாதியைக் குளிர்ப்பெட்டிக்குள் திருப்பி வைத்ததை நான் கண்ணால் கண்டேன்.

பரிமாறியது மாமிதான். முதலில், அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த அவர்களுடைய சபைப் போதகருக்கு ஈரல். சரி, கடவுளின் ஆள். பிறகு மாமாவுக்கு. சரி, கட்டின ஆள். பிறகு கரண்டி என் பக்கம் வந்தது. வந்து, என்னைக் கடந்து, தேவாவின் கோப்பையில் இறங்கியது. எனக்குக் கறிச் சட்டியிலிருந்து கழுத்துத் துண்டு ஒன்று வந்தது.

"சாப்பிடு மனே, கழுத்திலதான் ருசி," என்றா மாமி.

ரஞ்சி என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய கோப்பையிலும் கழுத்துத்தான். அவள் அதை முள்ளால் குத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

நடுக்கிழமையில் தேவாவுக்கு வயிற்றால் அடித்தது. பிறகு போதகருக்கு. பிறகு மாமாவுக்கு. தேவா எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தான். கக்கூசுக்கும் கட்டிலுக்கும் இடையில் அவனுக்குக் கழுத்துப்பட்டி கட்ட நேரம் இல்லை. அவனுடைய மாதிரி கீழே எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. மார்ஜரி பூசினாள். நான் திரி கொளுத்தினேன். அன்றைக்குச் சிலுவை போட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

இரண்டு நாளில் தட்டில் சாம்பல் நிறத்தில் பூத்து நின்றது. வளைந்த கிருமி. டொக்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லாரும் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள் என்று அறிந்ததும், நகரசபையின் சுகாதாரப் பரிசோதகரை மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் பி.எச்.ஐ. மாதிரித்தான், ஆனால் இவர் வாசலில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு வந்தார். மாமிக்கு ஆங்கிலம் வராது. ரஞ்சிக்கு வேலை. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வந்தவர் குசினிக்குள் போய், தான் வாழ்க்கையில் காணாத எதையும் விடவில்லை. மாசிக் கருவாட்டைத் தட்டிப் பார்த்து, "இது மரமா?" என்று கேட்டார். பைக்குள் போட்டார். கறித்தூள், பைக்குள். கொறுக்காய்ப் புளி, பைக்குள். அப்பளத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு அதையும் பைக்குள். குளிர்ப்பெட்டியைத் திறந்தார். பாதி ஈரல் பொதி அங்கேயே இருந்தது. தன் மனைவியும் வியாழக்கிழமைகளில் இதுதான் சமைப்பது என்று சொல்லி, மூடிவிட்டார். தெரிந்த சாமானில் கிருமி இருக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பிறகு உட்கார்ந்து கேள்வி.

"எல்லாருக்கும் ஒரே சாப்பாடா? யாருக்காவது விசேசமாக ஏதாவது கொடுத்தீர்களா?"

நான் மாமிக்குச் சொன்னேன். மாமியின் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆள் பார்த்துப் பரிமாறியதாக, அதுவும் அரசாங்க ஆளிடம், எந்த நாவற்குடா மனுசி ஒத்துக்கொள்ளுவா?

"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் வச்ச நான் எண்டு சொல்லு மனே."

சொல்லிவிட்டு மாமி என்னை ஒரு பார்வை பார்த்தா. கழுத்துத் துண்டு தின்ற ஆள் முன்னால் இருக்கிறான். அவன் நாக்கு எந்தப் பக்கம் கிறுகும் என்று அவவுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு நிமிசம் தெரியவில்லை.

"எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்படியானால் நீங்கள் ஏன் சுகமாக இருக்கிறீர்கள்?"

"நான் கத்தோலிக்கன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைச் சுட்டிக் காட்டி, இவர் இந்த வீட்டுக்கு என்ன முறை என்று மாமியிடம் கேட்கச் சொன்னார். என்னைப் பற்றிய கேள்வியை நானே கேட்டேன்.

மாமி சேலைத் தலைப்பைத் திருகினா. "தெரிஞ்ச பொடியன்."

அதையும் மொழிபெயர்த்தேன். இந்த ஒரு வருசத்தில் நான் பேசிய ஆங்கிலத்தில் அதுதான் கடினமான வசனம்.

4

அடுத்த நாள் மார்ஜரி சொன்னாள்: சமைத்தவவிடமிருந்தும் ஒரு மாதிரி வேண்டும், சுகமாக இருக்கிறவர்கள்கூடக் கிருமியைச் சுமக்கலாம், நீ அந்தப் பக்கம்தானே போகிறாய், எடுத்துவா. வழக்கமான போத்தல்கள் முடிந்துபோனதால் மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பேணி ஒன்றைத் தந்தாள். புத்தம் புதியது. தயிர் வைக்கலாம் போல இருந்தது.

பின்னேரம் மாமி வீட்டு மேசையில் பேணியை வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, அடுத்த வசனம் என் வாயில் இல்லை என்று. நான் யாரையும் பகிடி பண்ணுகிறவன். போதகரையே பண்ணியிருக்கிறேன். ஆனால் மாமியாராக வர வேண்டிய ஒரு மனுசியிடம், உங்களுடைய அதைக் கொஞ்சம் இதற்குள், என்று எந்தத் தமிழில் சொல்வது? ஆய்வுகூடத்தில் அதற்கு நாகரிகமான சொல் இருக்கிறது. அந்தச் சொல் மாமிக்குத் தெரியாது. மாமிக்குத் தெரிந்த சொல் என் வாயால் வராது.

"இது... ஆஸ்பத்திரியில தந்த மாமி. காலமை வந்து எடுக்கிறன்."

மாமி பேணியையும் பார்த்தா, என்னையும் பார்த்தா.

"சரி மனே. விளங்கிற்று," என்றா. கண் கலங்கியது போலவும் இருந்தது. வெட்கமாக்கும் என்று நினைத்து நான் ஓடிவிட்டேன்.

காலையில் போனேன். பேணி துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஆயத்தமாக இருந்தது. கையில் வாங்கினேன். சூடாக இருந்தது.

"ஆறமுதல் கொண்டு போ," என்றா மாமி.

இவ்வளவு பொறுப்பான ஒரு மனுசியை நான் கண்டதில்லை. பஸ்ஸில் அந்த முடிச்சை முழங்காலில் வைக்கவும் மனமில்லை, கீழே வைக்கவும் பயம். கையை நீட்டிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். ஒரு கிழவன் எழும்பி எனக்கு இடம் தந்தான். வேண்டாம் என்றேன்.

மார்ஜரி கையுறை போட்டு, மூடியைத் திறந்து, குச்சியை விட்டாள். நான் மற்றப் பக்கம் திரும்பித் தட்டுக் கழுவினேன், மரியாதைக்கு.

"டொக்டர், கொஞ்சம் வாருங்கள்," என்றாள் மார்ஜரி. "இதற்குள் இலை இருக்கிறது."

டொக்டர் வந்து குனிந்து பார்த்தார். "முழு இலை. செமிக்கவே இல்லையே."

"கடுகும் இருக்கிறது."

"பாவம் அந்த மனுசி. உள்ளே மிகவும் மோசமாக இருக்க வேண்டும்."

அப்போதுதான் எனக்கு மூக்கில் அடித்தது. மிளகு. உள்ளி. கருவேப்பிலை. கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் போனால் வெறுமையாகத் திரும்பாது. சோற்றுக்கு வழியில்லாத வீடு என்றாலும் இரண்டு பச்சைமிளகாயாவது கிடக்கும். அதைவிட, நான் குசினியில் வேலை செய்கிறேன் என்று மாமிக்குத் தெரியும், தனியாக இருக்கிறேன் என்றும் தெரியும். முதல் நாள் பரிசோதகருக்கு முன்னால் நான் மாமியைக் காட்டிக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் ஒரு வெறும் பேணியை மேசையில் வைத்துவிட்டு, வாய் திறக்க முடியாமல் நிற்கிறேன். மாமி என்ன நினைப்பா? குளிர்ப்பெட்டியிலிருந்த மீதிப் பாதியை எடுத்து, விடிய எழும்பி, எனக்கென்று பிரட்டியிருக்கிறா. என் கோப்பைக்கு வந்த முதல் ஈரல் அது. அதை நானே கொண்டுவந்து மலம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

"அது மாமியினுடையது இல்லை," என்றேன்.

"பேணியில் அவவின் பெயர் இருக்கிறதே," என்றாள் மார்ஜரி.

"அது சாப்பாடு. ஈரல். எனக்குத் தந்தது."

டொக்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், ஈரலைப் பார்த்தார். இன்னொருவர் என்றால் ஏசியிருப்பார். இவர் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி, நடுவில் இருந்த ரோசாப்பூ நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதையும் பூசுங்கள்," என்றார்.

"ஒரு துண்டாவது..." என்றேன்.

"ஆய்வுகூடத்துக்குள் வந்தது வெளியே போகாது," என்றாள் மார்ஜரி. மீதியை ஆவிப்பெட்டிக்குள் வைத்து அழிக்கிற வேலையும் என்னுடையதுதான். பிறகு திறந்து பார்த்தேன். பேணி உருகி, ஈரலும் பிளாஸ்டிக்கும் ஒரே கட்டியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், அந்தத் தட்டுகளைச் சாடிக்குள் வைத்துத் திரி கொளுத்தும்போது, நான் முழுச் செபமும் சொன்னேன். நான் ஆமென் சொன்ன பிறகுதான் மார்ஜரி மூடியை எடுத்துத் தந்தாள்.

5

முளைத்தது. தேவாவின் தட்டில் பூத்த அதே சாம்பல் பூ, அதே வளைந்த இறால் குஞ்சு. டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அதில் வேறு சந்தோசம்: தேவாவுக்கு வைத்த அதே ஈரலை மாமி எனக்கும் தந்திருக்கிறா. அதை இவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது.

சனிக்கிழமை பரிசோதகர் திரும்ப வந்தார். இந்த முறை ரஞ்சி வீட்டில் நின்றாள், அவள்தான் மொழிபெயர்த்தாள். தேறிவிட்ட மாமா மூலையில் கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"நோய் ஈரலில் இருந்திருக்கிறது. போதிய அளவு வேகவில்லை. யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? இந்த முறை உண்மை வேண்டும்," என்றார் அவர்.

மாமிக்கு இனி மறைக்க வழியில்லை. "போதகருக்கு வச்ச. இவருக்கு வச்ச. தேவாத் தம்பிக்கு வச்ச." மாமி நிறுத்தினா. பிறகு என் பக்கம் திரும்பினா. அவவின் முகத்தின் நிறம் மாறிவிட்டது. "இவனுக்கும் பேணியில குடுத்த நான். மனே, உனக்கு வயித்துக்குள்ள ஒண்டும் செய்யல்லயா?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

பரிசோதகர் தன் பழைய கடதாசியைப் புரட்டினார். "இவர்தானே தெரிந்த பொடியன்?"

ரஞ்சி தமிழில் கேட்டாள். குரல் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், மெலிந்திருந்தது.

"அது போன கிழம," என்றா மாமி. "மருமகன் எண்டு சொல்லு புள்ள."

மாமா கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, "ஆரு, இவனா?" என்றார்.

"நீங்க கஞ்சியக் குடிங்க."

ரஞ்சி ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாள். காது சிவந்திருந்தது. பரிசோதகர் எழுதிக்கொண்டு, அப்படியானால் மருமகனும் ஒரு மாதிரி தரவேண்டும், இவ்வளவு தின்றும் எப்படி எழும்பி நிற்கிறார் என்றார்.

ரஞ்சிக்கு எல்லாம் தெரியும். மார்ஜரி ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டாள். ரஞ்சி மிகவும் அமைதியாக, நேர்ஸ்மார் டொக்டரிடம் பேசுகிற ஆங்கிலத்தில், "இவர் அதைத் தின்னவில்லை. என் அம்மாவின் மலம் என்று நினைத்து உங்கள் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்," என்றாள்.

பரிசோதகர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்ன புள்ள சொல்ற?" என்றா மாமி.

ரஞ்சி என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழுத்துத் துண்டுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நல்ல ருசியாம் அம்மா. அவர் சொல்லச் சொன்னவர்."

"ருசிக்கென்ன," என்றா மாமி. "ஒள்ளுப்பம் கூட வேகவிட்டிருக்கணும். மனே, அந்தப் பேணியக் கழுவிக் கொண்டா. இன்னொருக்காத் தாறன்."

தேவா இப்போது மரக்கறிதான் சாப்பிடுகிறானாம். மாசியும் கறித்தூளும் இன்னும் நகரசபையில்தான் இருக்கின்றன. அண்ணன், ஊரிலிருந்து யாரும் வந்தால் கொஞ்சம் கொடுத்துவிடு. மற்ற விசயத்தையும் அம்மாவிடம் மெல்லமாகச் சொல். மெதடிஸ்து என்பதைக் கடைசியாகச் சொல்.

மார்ஜரியிடம் புதுப் பேணி ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன். நாளைக்கு மாமி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெறுமையாகக் கொடுக்க முடியாது. என் அறையில் உப்பும் தேயிலையும் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் சாடிக்கு வாங்கியதில் மிச்சமாக இருந்த மெழுகுதிரிகளை உள்ளே அடுக்கி மூடினேன். அந்த வீட்டில் சாமிக்குத் திரி கொளுத்தும் வழக்கம் இல்லை. இனிப் பழகட்டும்.